அத்தியாயம் 7: உள்ளே என்ன இருக்கிறது?

திருத்தணி மலையடிவாரத்தில் பொம்மை வாங்க நிற்பவர்கள் எல்லாரும் ஒரே காரியத்துக்காக வாங்குவதில்லை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வந்தவர் பேத்திக்கு ஏதாவது வாங்குவார். நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் பஸ் ஏறி வந்த குடும்பம் கொலுவுக்கு ஒரு ஜோடி பார்க்கும். பிள்ளை வரம் வேண்டி வந்தவர்கள் தொட்டிலில் போட ஒரு சின்னக் குழந்தை உருவம் கேட்பார்கள். பச்சைக் குழந்தையை அச்சாக உரித்து வைத்தது போன்ற ரீபார்ன் பொம்மையை நீங்கள் செய்து விற்கத் தொடங்கினால் இன்னும் சிலர் வருவார்கள்: குழந்தைப் படம் எடுக்கும் போட்டோகிராபர், செவிலியர் பயிற்சிக்குத் தேடுபவர், மறதி நோயில் இருக்கும் அம்மாவின் மடியில் எதையாவது கொடுத்து அமைதிப்படுத்த நினைக்கும் மகள், பிறந்த குழந்தையைப் பறிகொடுத்த ஒருத்தி.

இவர்கள் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். குளிப்பாட்டலாமா? குழந்தை வாயில் வைத்தால் பரவாயில்லையா? வெயிலில் வைக்கலாமா? சாமிக்கு வைக்கலாமா? எத்தனை வருஷம் வரும்? இதற்கெல்லாம் பதில் உங்கள் கைத்திறனில் இல்லை, பொம்மை எந்தப் பொருளால் ஆனது என்பதில்தான் இருக்கிறது. அதனால்தான் விலை சொல்வதற்கு முன்னால் பொருளைச் சொல்லிவிடுங்கள் என்கிறேன். தலை ஒன்று, உடல் ஒன்று, முடி ஒன்று, நிரப்பியது ஒன்று என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். "நல்ல மெட்டீரியல்மா, இம்போர்ட்டட்" என்று மொத்தமாகச் சொல்வதை நான் பதிலாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மரப்பாச்சி சொல்லும் பாடம்

ரீபார்ன் பொம்மை இந்தப் பக்கத்துக்குப் புதிது. ஆனால் பொம்மையின் பொருளைப் பற்றிப் பொய் சொல்வது இங்கே புதிதில்லை. மரப்பாச்சியைப் பாருங்கள். கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குத் தாய் வீட்டார் ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி கொடுப்பார்கள். அவள் வைக்கும் கொலுவில் மேல்படியில் முதலில் ஏறுவது அதுதான். பிறகு பிள்ளை பிறந்தால் அதன் கைக்கும் அதே பொம்மை போகும், வாய்க்கும் போகும். பாட்டிமார் மரப்பாச்சியைக் கல்லில் இழைத்துப் பூசியதும் உண்டு. இத்தனைக்கும் காரணம் அது செம்மரம், உடம்புக்கு ஆகாத சாயம் எதுவும் அதில் இல்லை என்ற நம்பிக்கை.

செம்மரமோ எல்லா ஊரிலும் வளர்வதில்லை. சித்தூர், கடப்பா, நெல்லூர்ப் பக்கத்துக் கிழக்குத் தொடர்ச்சி மலைகளும் அவற்றை ஒட்டிய சில இடங்களும்தான் அதன் தாயகம். 1995 முதல் அது, அருகி வரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, அதாவது அனுமதி இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோக முடியாது. வெட்டுவதற்கும் விற்பதற்கும் எடுத்துச் செல்வதற்கும் வனத்துறையின் காகிதம் வேண்டும். இவ்வளவு கட்டுக்காவல் உள்ள மரம் படிக்கட்டோரக் கடையில் குவியலாகக் கிடக்கிறது என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? செம்மரம் என்று சொல்லி விற்பதில் வேறு மரத்தைக் கடைந்து சிவப்புச் சாயம் ஏற்றியதும் இருக்கிறது.

கொலுப்படியில் நிற்கிற வரைக்கும் அந்தச் சாயத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. பல் முளைக்கிற குழந்தை கடிக்கும்போதுதான் அது என்ன சாயம் என்ற கேள்வி வருகிறது. அந்தக் குழந்தை கடிப்பதற்குக் காரணம் நீங்கள் "செம்மரம், தாராளமா கொடுங்க" என்று சொன்னதுதான்.

கடைக்காரர்களே நம்பிக்கொண்டிருக்கும் சோதனைகள் சில உண்டு. செம்மரத்தின் வைரம் பாய்ந்த கட்டை கனமானது, தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் மூழ்கும். மிதந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் கனமான வேறு மரமும் மூழ்கும் என்பதால், மூழ்கியதை வைத்துச் செம்மரம் என்று முடிவு கட்ட முடியாது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் தேய்த்தால் சிவப்பு வருகிறதே என்பார்கள். செம்மரத்தின் நிறமும் ஸ்பிரிட்டில் கரையும், கடைச்சாயமும் கரையும், ஆகவே அது எதையும் நிரூபிக்காது. என் யோசனை எளிது. வாங்கிய இடத்தின் பில்லும் மரத்துக்கான காகிதமும் கையில் இருந்தால் மட்டும் செம்மரம் என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் "சாயம் ஏற்றிய மரம், கொலுவுக்கு மட்டும்" என்று எழுதுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு எடுத்துப்போக வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால், அசல் செம்மரமாக இருந்தால்தான் விமான நிலையத்தில் சிக்கல் என்பதையும் சொல்லிவிடுங்கள். அசலை அசல் என்று சொல்வதில் இப்படியும் ஒரு பொறுப்பு இருக்கிறது.

கொண்டப்பள்ளி, எட்டிக்கொப்பாகா பொம்மைகளை வாங்கி விற்பவர்களுக்கும் இதே பேச்சுதான். முன்னது பொனிக்கி என்கிற எடை குறைந்த மரம், பின்னது கடைசல் பட்டறையில் அரக்குப் பூசியது, இயற்கைச் சாயத்துக்குப் பெயர் வாங்கியது. இரண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. அந்தப் பெயரைச் சொல்லி வேறு எங்கோ எனாமல் அடித்த பொம்மையை விற்றால் அந்த ஊர்க் கைவினைஞரின் பிழைப்பிலும் கை வைக்கிறீர்கள்.

வினைலா, சிலிகானா

இனி ரீபார்ன். 1990களில் அமெரிக்காவில், கம்பெனி பொம்மையை வாங்கி அதன் வண்ணத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, நரம்பும் தோல் மடிப்பும் தெரிகிற மாதிரி மறுபடி தீட்டிய ஆர்வலர்களிடமிருந்து தொடங்கியது இந்தக் கலை. இன்று வண்ணம் தீட்டாத தலை, கை, கால் வார்ப்புகளை கிட் என்று விற்கிறார்கள். அதை வாங்கி அடுக்கடுக்காக வண்ணம் ஏற்றி, ஒவ்வொரு முடியாக ஊசியால் குத்தி நட்டு, துணி உடலில் நிரப்பித் தைத்து முடிப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் வேலை.

இந்தக் கிட் பெரும்பாலும் வினைல். அதாவது பி.வி.சி. பிளாஸ்டிக்கை நெகிழ்வூட்டும் திரவம் சேர்த்து மென்மையாக்கியது. சிலிகான் முழுக்க வேறு பொருள். அது ரப்பர் போல இழுபடும், தொட்டால் சதை போல அமுங்கும், எடையும் அதிகம், பிறந்த குழந்தை அளவில் முழுச் சிலிகான் பொம்மை 3 கிலோ வரை போகும். விலையிலும் வினைலைப் போலப் பல மடங்கு. பொய் நுழைகிற இடம் இந்த விலை வித்தியாசம்தான்.

அந்தப் பொய் நேராக வருவதில்லை. "சிலிகான் வினைல்", "சாஃப்ட் சிலிகான் டச்", "சிலிகான் ஃபீல்" என்று வரும். மொத்த வியாபாரி அனுப்பும் பெட்டியிலேயே அப்படித்தான் அச்சடித்திருக்கும். நீங்களும் அதையே எடுத்துப் போடுவீர்கள். நான் பொய் சொல்லவில்லை, பெட்டியில் இருந்ததைத்தானே சொன்னேன் என்று நினைப்பீர்கள். ஆனால் வாங்குகிறவர் காதில் விழுவது சிலிகான் என்ற சொல் மட்டும்தான். பொம்மை மென்மையாக இருக்கிறது என்று சொல்ல ஆசையா, "மென்மையான வினைல்" என்று சொல்லுங்கள், தப்பில்லை. சிலிகான் என்ற சொல் சிலிகானுக்கு மட்டும்.

உங்களுக்கே சந்தேகம் என்றால் கிட்டோடு வந்த கழிவுத் துண்டை, உதாரணமாகக் கழுத்து ஓரத்தில் வெட்டி எடுத்ததை, வெட்டவெளியில் வைத்துச் சோதிக்கலாம். சிலிகானைக் கொளுத்தினால் வெள்ளைச் சாம்பல் மிஞ்சும். பி.வி.சி. கரும்புகை விட்டுக் கருகும், மூக்கைத் துளைக்கும் நெடி அடிக்கும். செப்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அதில் தொட்டு மறுபடி தீயில் காட்டினால் சுடர் பச்சையாகும். அந்தப் புகை நல்லதல்ல, முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. முடிந்த பொம்மையில் நெருப்பு வைத்துக் காட்டுகிற வீரம் வேண்டாம்.

சிலிகானிலேயே இரண்டு வகை உண்டு. பிளாட்டினத்தால் இறுகும் வகை நீண்ட நாள் வரும், சுருங்காது. தகரம் கலந்து இறுகும் வகை மலிவு, நாளாக ஆகச் சுருங்கும், நொய்ந்து கிழியும். இரண்டையும் கையில் பிடித்துப் பார்த்து வாங்குபவரால் பிரிக்க முடியாது. வார்த்தவருக்கு மட்டும்தான் தெரியும், ஆகவே சொல்ல வேண்டியதும் அவர்தான்.

சிலிகான்தான் உசத்தி என்று நினைத்துவிட வேண்டாம். சிலிகான் தூசியையும் நூலையும் இழுத்து ஒட்டிக்கொள்ளும், அடிக்கடி கழுவிப் பவுடர் போட வேண்டும். விரல் இடுக்கு, காது மடல் போன்ற மெல்லிய இடங்களில் சட்டென்று கிழியும். சாதாரண வண்ணம் அதில் ஒட்டாது. வினைல் உறுதியானது, வண்ணம் நன்றாகப் பிடிக்கும், கைக்கு அடக்கம். தினமும் மடியில் வைத்துக்கொள்ளப் போகிற வயதான அம்மாவுக்கு 3 கிலோ சிலிகானைவிட வினைல் பொம்மை ஏற்றது என்றே நான் சொல்வேன். "வினைல்" என்று தைரியமாகச் சொல்ல இந்தக் காரணங்கள் போதும்.

வினைலிலும் சொல்ல வேண்டிய குறைகள் உண்டு. திருத்தணி மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். தகர ஷெட்டுக்குள்ளோ கார் பின்கண்ணாடி அருகிலோ வைத்த வினைலில் நெகிழ்வூட்டும் திரவம் மேலே கசிந்து பிசுபிசுக்கும். அடர்நிறத் துணி உடுத்தி நாள்கணக்கில் விட்டால் சாயம் வினைலுக்குள் இறங்கிவிடும், தேய்த்தால் போகாது. நீலமும் கருப்பும் குறிப்பாக. இதை விற்கும்போதே சொன்னால் அது ஆலோசனை. புகார் வந்த பிறகு சொன்னால் சாக்குப்போக்காகத்தான் கேட்கும்.

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம் நிறம். கிட்கள் பெரும்பாலும் வெளுத்த நிறத்தில் வருகின்றன. நம் வாடிக்கையாளர் கேட்பது மாநிறக் குழந்தை, கருப்புக் குழந்தை. அதற்கு மேலே அடுக்கடுக்காகத் தீட்டுகிறோம். நகம் பட்டு அந்த வண்ணம் உரிந்தால் அடியிலிருந்து வெள்ளை எட்டிப் பார்க்கும். வார்க்கும்போதே நிறம் கலந்த சிலிகானில் இந்தத் தொல்லை குறைவு. ஆகவே மாநிறப் பொம்மையை வினைலில் செய்தால் "நிறம் மேற்பூச்சு" என்று பொம்மையோடு கொடுக்கும் விவர அட்டையில் இருக்க வேண்டும். வண்ணம் எந்த வகை என்பதும் கூடவே: சுமார் 130 டிகிரி சூட்டில் வைத்துப் பதிக்கும் வண்ணமா, காற்றில் உலரும் அக்ரிலிக்கா? சூட்டில் பதித்தது நீடிக்கும். அக்ரிலிக் சரியாக ஏற்றாவிட்டால் ஏடு ஏடாக உரியும். சுவருக்கு அடிக்கிற எனாமலில் மிச்சம் இருந்ததை எடுத்து உதடு தீட்டியவர்களும் உண்டு, தயவுசெய்து வேண்டாம். வீட்டு வண்ணங்களில் ஈயம் 90 பி.பி.எம். அளவைத் தாண்டக் கூடாது என்ற விதியே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. கொல்லையில் கிடக்கும் பழைய டப்பா எந்த வருஷத்தது என்று யார் கண்டது?

"கையால் செய்தது" என்றால் எவ்வளவு?

அதிகம் சண்டை வருவது இங்கேதான், சட்டம் அவ்வளவாக உதவாததும் இங்கேதான். கிட்டை வார்த்தது தொழிற்சாலை. முகத்தை வடித்தது எங்கோ இருக்கும் ஒரு சிற்பி. உங்கள் உழைப்பு வண்ணமும் முடியும் தையலும் முடிப்பும். அது சின்ன உழைப்பு அல்ல, ஒரு தலைக்கு முடி நடவே வாரக்கணக்கில் போகும். ஆனால் "முழுக்க முழுக்க என் கையால்" என்று சொன்னால், அந்த முகத்தை நீங்களே வடித்தீர்கள் என்றுதான் வாங்குபவர் எடுத்துக்கொள்வார். பிறகு அதே முகத்தை இன்னொரு கடையில் பார்ப்பார். தேங்காய் உங்கள் தோப்பில் காய்க்காவிட்டால் சட்னி உங்களுடையது இல்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை. தேங்காயும் என் தோப்பு என்று சொன்னால்தான் வம்பு. "வார்ப்பு வெளியில் வாங்கியது. வண்ணம், முடி, தையல் திருத்தணியில்." இந்த இரண்டு வரி போதும்.

கிட் அசலா நகலா என்பதும் இதோடு சேர்ந்தது. பெயர் பெற்ற சிற்பிகளின் வார்ப்பை அச்செடுத்துத் திருட்டு நகலாக விற்கும் சந்தை பெரியது. அசல் கிட்டோடு சிற்பியின் பெயரும் சான்றிதழும் வரும். நகலில் வராது, அல்லது மங்கலான ஒரு ஜெராக்ஸ் வரும். நகலை வாங்கிவிட்டீர்கள் என்று தெரிந்தால் சிற்பியின் பெயரைச் சொல்லி விற்காதீர்கள். கிட் விற்பவரின் விளம்பரப் படத்தை எடுத்து உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு ஆர்டர் பிடிப்பதும் இதே கணக்குதான். நீங்கள் செய்த பொம்மையை, பகல் வெளிச்சத்தில், பில்டர் இல்லாமல் படம் எடுங்கள். துணி உடல் தெரிகிற மாதிரி உடுப்பைக் கழற்றி ஒரு படம் கட்டாயம் வேண்டும். உடுப்போடு பார்த்து முழு உடலும் வினைல் என்று நினைத்து வாங்கியவர்தான் பொம்மையைத் தொட்டித் தண்ணீரில் முக்குகிறார்.

யாருடைய முடி

முடி விஷயத்தை மற்ற ஊர்க்காரர்கள் ஒரு வரியில் முடித்துவிடலாம், நம்மால் முடியாது. மலையில் முருகனுக்கு மொட்டை போடும் ஊர் இது. பக்கத்திலேயே திருமலை. காணிக்கை முடி ஏலம் போய் உலகச் சந்தைக்குப் போவது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆகவே மனித முடி நட்ட பொம்மையைக் காட்டினால் இந்தப் பக்கத்து வாடிக்கையாளர் மனசில் உடனே எழும் கேள்வி இது யார் கொடுத்த முடி என்பதுதான். வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்.

2004 மே மாதம் நடந்தது இதற்குப் பொருத்தமானது. மணமான யூதப் பெண்களில் மரபு வழுவாதவர்கள் தலையை விக்கால் மறைப்பார்கள். அந்த விக்குகளில் கணிசமானவை இந்தியக் கோயில்களில், முக்கியமாகத் திருமலையில் இறக்கிய முடியால் ஆனவை என்ற பேச்சு எழுந்தது. வேறு மதத்தின் வழிபாட்டில் காணிக்கையான பொருளை அணியக் கூடாது என்று ஜெருசலேமின் மூத்த ரபியான எல்யாஷிவ் தீர்ப்பளித்தார். நியூயார்க்கின் புரூக்ளினில் விலையுயர்ந்த விக்குகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். முடியின் தரத்தில் ஒரு குறையும் இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லவில்லை என்பதுதான் பிரச்சினை. வாங்குகிறவருக்கு எந்தத் தகவல் முக்கியம் என்பதை விற்பவர் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அட்டையில் மூன்றில் ஒன்று இருக்கட்டும்: மோஹேர், அதாவது அங்கோரா ஆட்டு முடி, செயற்கை இழை, மனித முடி. மனித முடி என்றால், வாங்கிய இடத்தில் சொன்னதை அப்படியே எழுதுங்கள். ஒன்றும் சொல்லவில்லையா, "எங்கிருந்து வந்தது தெரியாது" என்று எழுதுங்கள். அந்த வரியைப் பார்த்து ஒருவர் வாங்காமல் போனால் போகட்டும்.

வயிற்றுக்குள்

பொம்மையைத் தூக்கினால் கழுத்து சாய வேண்டும், பின்புறம் கனக்க வேண்டும். அதற்குத்தான் எடை வைக்கிறோம். நல்ல வழி, பாலியெஸ்டர் பஞ்சோடு நுண்ணிய கண்ணாடி மணிகளைத் தனித் துணிப்பையில் இறுகத் தைத்து வைப்பது. செலவைக் குறைக்க ஆற்று மணலைப் போடுகிறார்கள். கழுவிக் காய வைக்காத மணல் ஈரம் வாங்கும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து நெடியடிக்கும். அரிசி, பயறு போட்டால் வண்டு வரும். இரும்புக் குண்டு துருப்பிடித்துத் துணியில் கறை இறக்கும். எதைப் போட்டாலும் எழுதுங்கள், எடையைக் கிராமில் எழுதுங்கள். தையல் பிரிந்து கொட்டினால் தரையில் கிடப்பது என்ன என்று வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிய வேண்டும். அந்த வீட்டில் தவழும் குழந்தை இருக்கலாம்.

சூப்பான் ஒட்டிக்கொள்ள வாயிலும், ரிப்பன் நிற்கத் தலையிலும் காந்தம் வைப்பது வழக்கம். இதை மட்டும் எழுத்தில் தந்துவிட்டு நிற்காமல் வாயாலும் சொல்லுங்கள். சின்னக் குழந்தை இரண்டு காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் இரண்டு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடும். பேஸ்மேக்கர் பொருத்தியவர் இந்தப் பொம்மையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளக் கூடாது. மறதி நோயாளிக்கு வாங்குகிறோம் என்று யாராவது வந்தால் முதலில் கேட்க வேண்டியது இதுதான். அவர்களுக்குக் காந்தம் இல்லாமல் செய்து கொடுத்துவிடுவது உத்தமம்.

உடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பொதட்டூர்பேட்டை, நகரிப் பக்கம் விசைத்தறித் துணி நன்றாகவே கிடைக்கிறது. அதை விசைத்தறி என்றே சொல்லி விற்கலாம். கைத்தறி என்று எழுதுவதானால் கைத்தறி முத்திரை உள்ள துணியாக இருக்கட்டும்.

சட்டம் கேட்பது

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு பொருளின் தரம், அளவு, கலவை இன்னது என்று பொய்யாகச் சொல்வதை அது நேர்மையற்ற வணிக முறை என்று வரையறுக்கிறது. வாயால் சொன்னாலும் பொய் பொய்தான், எழுத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. பில் கொடுக்காமல் இருப்பதும் அதே பட்டியலில் வருகிறது. இணையத்தில் விற்றால் படமும் விவரணையும் பொருளோடு ஒத்துப்போக வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் தனியே சொல்கின்றன. உங்கள் வாடிக்கையாளர் 1915 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் போகலாம், திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

பொம்மைக்கென்று தனி ஆணை ஒன்று உண்டு. 14 வயதுக்கு உட்பட்டவர்கள் விளையாடும் பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிந்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொருளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளை உரிய பதிவோடு செய்பவர்களுக்கும் விலக்கு இருக்கிறது. அந்தப் பதிவுக்குக் கொடுக்கும் கைவினைஞர் அடையாள அட்டையான பெஹ்சான் அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இறக்குமதிக் கிட்டை வாங்கித் தீட்டிய பொம்மைக்கு அந்த விலக்கு பொருந்துமா என்பதை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். சென்னை தரமணியில் உள்ள இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அலுவலகத்தில் எழுதிக் கேட்டுப் பதிலைக் கோப்பில் வையுங்கள். "பெரியவர்கள் சேகரிப்புக்கு மட்டும்" என்று அட்டையில் போட்டுவிட்டு, அந்தப் பொம்மையைக் கிலுகிலுப்பைக்கும் பந்துக்கும் நடுவில் தொங்கவிட்டால் எந்த அதிகாரியும் ஏற்க மாட்டார். சேகரிப்புப் பொம்மைக்குத் தனி அலமாரி வையுங்கள், சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில். வெளிநாட்டுக்கு அனுப்பும் யோசனை இருந்தால் வினைலை மென்மையாக்கும் தாலேட் ரசாயனங்களில் சிலவற்றுக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடுமையான வரம்பு உண்டு. கிட் விற்பவரிடம் சோதனைச் சான்று கேளுங்கள், தர மறுத்தால் ஆளை மாற்றுங்கள்.

அட்டை

நான் பரிந்துரைக்கும் அட்டை தபால் அட்டை அளவுதான். ஒரு மாதிரி:

தலை, முழங்கை வரை கை, முழங்கால் வரை கால்: வினைல் (பி.வி.சி.). வார்ப்பு வெளியில் வாங்கியது.
உடல்: பருத்தித் துணி. உள்ளே பாலியெஸ்டர் பஞ்சு, கண்ணாடி மணி. மொத்த எடை 1,900 கிராம்.
முடி: மோஹேர். கண்: அக்ரிலிக். 
வண்ணம்: சூட்டில் பதித்தது, மாநிறம் மேற்பூச்சு.
காந்தம்: வாயில் ஒன்று.
தண்ணீரில் முக்கக் கூடாது. ஈரத்துணியால் முகம், கை, கால் துடைக்கலாம். வெயிலில் வைக்கக் கூடாது. குழந்தைகள் விளையாட அல்ல.
வண்ணம், முடி, தையல்: (உங்கள் பெயர், முகவரி, போன், செய்த மாதம், வருடம்)

பின்பக்கம் இதையே தெலுங்கில் போடுங்கள். 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது, இன்றும் கடைத்தெருப் பேச்சில் தெலுங்கு சரளமாகப் புழங்குகிறது. தமிழ் எழுத்துத் தெரியாத வாடிக்கையாளரிடம் தமிழ் அட்டையை மட்டும் கொடுத்துவிட்டு நான் சொல்லிவிட்டேன் என்று கையை விரிக்க முடியாது.

அட்டை இருந்தாலும் பேச்சு வேண்டும். பெரும்பாலும் இப்படிப் போகும்:

"அக்கா, இது சிலிகான்தானே?"
"இல்லம்மா, வினைல். உடம்பு துணி. குளிப்பாட்ட முடியாது."
"அப்புறம் ஏன் இவ்வளவு விலை?"
"முடியைப் பாரும்மா, ஒவ்வொண்ணா நட்டது. மூணு வாரம் உக்காந்த வேலை அது."

விலை கேட்டதும் பொருளை உயர்த்திச் சொல்லத் தோன்றும். அங்கே நாக்கைக் கட்டுங்கள். விலையில் பெரும்பகுதி உங்கள் உழைப்பு என்றால் உழைப்பைக் காட்டுங்கள். அரைகுறையாக முடி நட்ட ஒரு தலையை மேசையில் வைத்திருந்தால் பேரம் பாதியில் நின்றுவிடும்.

ஒரே ஒரு வாடிக்கையாளரிடம் வேறு மாதிரி நடக்க வேண்டும். குழந்தையை இழந்தவர் வந்து, போட்டோவைக் காட்டி, இதே மாதிரி என்று கேட்டால் அட்டையை நீட்டிப் பாடம் எடுக்காதீர்கள். ஆனால் எதையும் மறைக்கவும் வேண்டாம். இது எவ்வளவு நாள் வரும், எங்கே முதலில் தேயும், தேய்ந்தால் மறுபடி தீட்ட முடியுமா என்பதைக் கூட வந்தவரிடமாவது சொல்லி அனுப்புங்கள். முன்பணம் வாங்கும் முன்னால் வேறொரு முடிந்த பொம்மையைக் கையில் கொடுத்து, சற்று நேரம் வைத்திருக்கச் சொல்லுங்கள். வினைலின் குளிர்ச்சி கையில் பட்டதும் வேண்டாம் என்று எழுந்து போவார் சிலர். போக விடுங்கள், திரும்பக் கூப்பிட வேண்டாம்.

கடைசியாக ஒரு நோட்டு. விற்ற ஒவ்வொரு பொம்மைக்கும் ஓர் எண், அந்த எண்ணுக்கு எதிரே கிட் வாங்கிய பில், வண்ணத்தின் பெயர், பசையின் பெயர், முடி வாங்கிய இடம். பொம்மையின் துணி உடலுக்கு உள்பக்கம் அதே எண்ணை அழியா மையில் எழுதிவிடுங்கள். சில வருஷம் கழித்து அது பழுதுக்கு வரும்போது எதில் செய்தது என்று இந்த நோட்டு சொல்லும்: சிலிகானில் வினைல் பசை ஒட்டாது, சூட்டில் பதித்த வண்ணத்துக்கு மேல் அக்ரிலிக் நிற்காது. எண் இல்லாத பொம்மை, வேறு யாரோ செய்தது, பழுதுக்கு வந்தால் உள்ளே பிரித்துப் பார்க்கச் சம்மதம் எழுதி வாங்கிய பிறகு கை வையுங்கள். பிரித்ததில் மணலோ அரிசியோ இருந்தால் படம் எடுத்து முதலில் உரிமையாளருக்கு அனுப்புங்கள், பிறகு பழுதுக்கு ஆகும் செலவைச் சொல்லுங்கள்.